பிக்-அப் வண்டியின் ஸ்டியரிங் உறுப்புகள்: கம்பெனிச் சாமானா, வெளிச் சாமானா?

விளைந்த பொருளைச் சேதமின்றிச் சந்தைக்குக் கொண்டு சேர்ப்பதும் பயிர்த்தொழிலின் ஓர் அங்கமே ஆகும். முற்காலத்தில் இவ்வேலை முழுவதும் மாட்டு வண்டிகளாலேயே நடைபெற்று வந்தது. தற்காலத்திலோ காய்கறி, வாழைத்தார், பால், நெல் மூட்டை, உரம் முதலியவற்றை ஏற்றிச் செல்வதற்குச் சிறிய சரக்கு மோட்டார்களே பெரும்பாலும் பயன்படுகின்றன. 2005-ஆம் வருஷத்தில் டாட்டா கம்பெனியார் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘ஏஸ்’ என்னும் சிறு வண்டியைத் தமிழ்நாட்டு ஜனங்கள் ‘குட்டி யானை’ என்று பெயரிட்டு அழைத்து வருவது யாவரும் அறிந்ததே. அதனினும் அதிகப் பாரம் ஏற்றும் பிக்-அப் வண்டிகளும் இப்பொழுது அநேக கிராமங்களில் காணப்படுகின்றன.

வண்டி வாங்கும்பொழுது அதன் விலை, பாரம் தாங்கும் சக்தி, டீஸல் செலவு ஆகியவற்றை நன்கு விசாரிக்கும் விவசாயிகள், முன் சக்கரங்களைத் திருப்பும் உறுப்புகளைப்பற்றி அவை தேய்ந்துபோகும் வரையில் நினைப்பதில்லை. தேய்ந்தபின் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனால், “கம்பெனிச் சாமான் போடுவதா, வெளிச் சாமான் போடுவதா?” என்று மெக்கானிக் கேட்கிறார். வெளிச் சாமான் விலை குறைவு. அறுவடைக் காலத்தில் வண்டி ஒரு நாள் நின்றாலும் நஷ்டம். ஆகவே கடையில் உடனே கிடைப்பதைப் போட்டுவிடச் சொல்லுவது அநேகரின் வழக்கமாயிருக்கிறது. ஆனால் இக்கேள்விக்கு விலையை மாத்திரம் பார்த்து விடை சொல்லுதல் கூடாது. இஞ்சின் கெட்டால் வண்டி நின்றுவிடும். ஸ்டியரிங் கழன்றாலோ வண்டி நிற்பதில்லை. ஓட்டுகிறவர் வசத்தில் இல்லாமல் ஓடும். நீலகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குக் காரட்டும் உருளைக்கிழங்கும் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் இறங்கும் வண்டிக்கு இதன் பொருள் என்ன என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

உறுப்புகளின் அமைப்பு

இரட்டைச் சக்கர மாட்டு வண்டியில், மாடுகள் திரும்பினால் ஏர்க்காலும் அச்சும் சக்கரங்களும் ஒருசேரத் திரும்புகின்றன. மோட்டார் வண்டியில் அவ்வாறன்று. முன் சக்கரங்கள் இரண்டும் தனித்தனி முளைகளைப் பற்றித் திரும்புகின்றன. வளைவில் உட்புறச் சக்கரம் சிறு வட்டத்திலும் வெளிப்புறச் சக்கரம் பெரு வட்டத்திலும் செல்ல வேண்டியிருப்பதால், இரண்டும் வெவ்வேறு அளவில் திரும்புதல் அவசியமாகிறது. இதற்கேற்ற அமைப்பை ம்யூனிச் நகரத்தில் வண்டி செய்துவந்த ஜார்ஜ் லாங்கென்ஸ்பெர்கர் என்பவர் குதிரை வண்டிகளின்பொருட்டுக் கண்டறிந்தார். 1818-ஆம் வருஷத்தில் லண்டனில் ருடால்ப் ஆக்கர்மன் என்பவர் அதற்குப் பேடண்டு பெற்றார். இக்காலத்து மோட்டார்களும் அந்தத் தத்துவத்தைத் தழுவியே செய்யப்படுகின்றன.

ஓட்டுகிறவர் சுழற்றும் சக்கரத்திலிருந்து ஒரு தண்டு கீழிறங்கி ஸ்டியரிங் பெட்டியைச் சேர்கிறது. அப்பெட்டி சுழற்சியைப் பக்கவாட்டு அசைவாக மாற்றிக் கொடுக்கிறது. அவ்வசைவை ‘டை ராடு’, ‘டிராக் லிங்க்’ எனப்படும் தண்டுகள் சக்கரங்களுக்குக் கொண்டுபோகின்றன. வண்டியின் மாதிரிக்குத் தக்கபடி இத்தண்டுகளின் எண்ணிக்கையும் அமைப்பும் வேறுபடும். ஆயினும் தண்டுகளின் முனைகளில் உள்ள பந்து மூட்டு எல்லாவற்றிற்கும் பொதுவானது. நம் தோள் எலும்பு குழியில் பொருந்தியிருப்பது போல, எஃகுப் பந்து ஒன்று ஒரு கிண்ணத்தினுள் பொருந்தி எப்பக்கமும் அசைகிறது. உள்ளே கிரீஸ் இருக்கும். மேலே ரப்பர் உறை மூடியிருக்கும். பந்தின் காம்பு சற்றுக் கூம்பாகச் செதுக்கப்பட்டு, அதே சரிவுள்ள துவாரத்தில் இறுகி அமர்ந்து, நட்டினாலும் காட்டர் பின்னாலும் பூட்டப்பட்டிருக்கும். கட்டைவிரல் பருமனுள்ள இக்காம்பே முழுப் பாரத்தோடு செல்லும் வண்டியின் திசையை நிர்ணயிக்கிறது.

தேய்வதற்குக் காரணங்கள்

பந்து மூட்டின் ஆயுள் பெரிதும் அதன் ரப்பர் உறையைப் பொறுத்தது. உறை கிழிந்தால் சேறும் மணலும் தண்ணீரும் உட்புகுகின்றன. கிரீஸ் கழுவுண்டு போகிறது. மணலோ அரம் போல் எஃகை அராவுகிறது. கிண்ணம் அகன்று, பந்து ஆட்டம் கண்டு, கடைசியில் ஒரு பள்ளத்தில் விழும் அதிர்ச்சியில் கழன்று வெளிவருகிறது. வயல் வரப்பையும் வாய்க்கால் கரையையும் ஒட்டிய மண் பாதைகளில் ஓடும் வண்டிகளுக்கு இது நகரத்து வண்டிகளைவிட விரைவில் நேரிடும். அனுமதித்த அளவுக்கு மேல் பாரம் ஏற்றுவதும், சேறு போக வேண்டுமென்று வேகமான நீர்த்தாரையை ரப்பர் உறையின்மீதே பீய்ச்சுவதும் தேய்வைத் துரிதப்படுத்துகின்றன.

பரிசோதிக்கும் முறை

வண்டி நேரே செல்லாமல் ஒரு பக்கம் இழுத்தல், பள்ளங்களில் முன்புறம் ‘டக்’ ‘டக்’ என்று தட்டும் ஓசை, முன் டயர் ஒரு விளிம்பில் மாத்திரம் தேய்தல், ஸ்டியரிங்கைச் சற்றுத் திருப்பியும் சக்கரம் அசையாதிருத்தல் ஆகிய இவை முன்னறிகுறிகளாம். இவற்றில் ஒன்று காணப்பட்டாலும் பின்வருமாறு பரிசோதிக்கலாம்.

சமதரையில் வண்டியை நிறுத்தி, கைபிரேக்கைப் போட்டு, பின் சக்கரங்களுக்கு அடைகல் வைக்க வேண்டும். ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் சிறிது சிறிதாக அசைக்க, மற்றொருவர் ஒவ்வொரு மூட்டின்மீதும் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். தண்டு அசைந்தும் அடுத்த உறுப்பு உடனே அசையாவிட்டால் அம்மூட்டுத் தேய்ந்திருக்கிறதென்று அறியலாம். பின்பு முன் சக்கரத்தைத் தரையினின்றும் தூக்கி, உறுதியான தாங்கியின்மேல் நிறுத்தி, கடிகாரத்தில் 9 மணி, 3 மணி உள்ள இடங்களில் சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்க்கலாம். ஆட்டம் இருந்தால் பெரும்பாலும் டை ராடு மூட்டில் குறையிருக்கும். 12 மணி, 6 மணி உள்ள இடங்களில் பிடித்து ஆட்டும்பொழுது ஆட்டம் இருந்தால் சக்கரத்தின் பேரிங்கையோ சக்கரம் திரும்பும் முளையையோ சோதிக்க வேண்டும். ஜாக்கியை மாத்திரம் நம்பி வண்டியின் அடியில் செல்லுதல் கூடவே கூடாது.

சட்டமும் இதனை வற்புறுத்துகிறது. 1989-ஆம் வருஷத்திய மத்திய மோட்டார் வாகன விதிகளின் 98-ஆம் விதிப்படி, ஸ்டியரிங் சக்கரத்தில் வீண் ஆட்டம் 30 டிகிரிக்கு மேற்படலாகாது. பந்து மூட்டுகளுக்கு ரப்பர் உறை இருக்க வேண்டும். போல்ட்டுகளும் பின்களும் கழலாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும். 38 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஸ்டியரிங்கில் 30 டிகிரி என்பது விளிம்பில் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் தூரமாகும். இது சட்டம் பொறுக்கும் கடைசி எல்லையேயன்றிச் சாமான் மாற்றுவதற்குக் காத்திருக்க வேண்டிய எல்லை அன்று. நல்ல நிலையிலுள்ள வண்டியில் ஆட்டம் இதனினும் மிகக் குறைவாகவே இருக்கும்.

நால்வகைச் சாமான்கள்

கடைகளில் ‘ஒரிஜினல்’, ‘வெளிச் சாமான்’ என்று இரண்டு வகையே உள்ளனபோல் பேசப்படுகிறது. உண்மையில் நான்கு வகைகள் உள. இவற்றைப் பகுத்தறியாமையே ஏமாற்றத்திற்கு மூலகாரணம்.

முதல் வகை, வண்டி செய்த கம்பெனியின் பெயர் பொறித்த பெட்டியில் வருவது. இரண்டாம் வகை, வண்டிக் கம்பெனிக்கு உறுப்புகளைச் செய்து கொடுக்கும் தொழிற்சாலையார் அவற்றைத் தம் சொந்தப் பெயரிலேயே விற்பது. வண்டிக் கம்பெனிகள் தம் வண்டியின் உறுப்புகள் அனைத்தையும் தாமே செய்வதில்லை. உதாரணமாக, சென்னையிலுள்ள ரானே மெட்ராஸ் கம்பெனியார் ஸ்டியரிங் உறுப்புகளைச் செய்து வண்டிக் கம்பெனிகளுக்குக் கொடுப்பதோடு, தம் பெயரில் கடைகளிலும் விற்கின்றனர். இது விளக்கத்திற்காகச் சொன்னதேயன்றிச் சிபார்சு அன்று. இவ்வகைச் சாமான் முதல் வகையோடு ஒத்த தரமுடையதாய், விலையில் குறைந்திருப்பது உண்டு.

ஆயினும் எல்லா உறுப்புகளும் இவ்வாறு கிடைப்பதில்லை. மோட்டார் கார்களைப் பொறுத்தவரையில், உறுப்பு செய்வோர் அவற்றை நேரே வெளிச் சந்தையில் விற்க முடியாதபடி தடுத்தது முதலிய நடவடிக்கைகளைப்பற்றிய வழக்கில், 2014-ஆம் வருஷம் ஆகஸ்டு 25-ந் தேதி இந்தியப் போட்டி ஆணையம் கார் செய்யும் 14 கம்பெனிகளுக்கு மொத்தம் 2,500 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட அபராதம் விதித்தது. அவ்வுத்தரவின்மேல் அப்பீல்களும் தொடரப்பட்டன. வண்டிக்குரிய சாமான் கம்பெனிப் பெட்டியில் மாத்திரமே கிடைக்க வேண்டுமென்பது இயற்கை நியதி அன்றென்பதை இவ்வழக்கு விளக்குகிறது.

மூன்றாம் வகை, வண்டிக் கம்பெனியோடு சம்பந்தமில்லாத தொழிற்சாலையார் அளவெடுத்துச் செய்து தம் பெயரிலேயே விற்பது. இவற்றுள் நல்லனவும் உண்டு; அற்பமானவையும் உண்டு. நான்காம் வகை போலி. ஒருவர் செய்த சாமானுக்கு மற்றொருவர் பெயரைப் பொறித்து விற்கும் மோசடி இது. 1999-ஆம் வருஷத்திய வர்த்தகச் சின்னச் சட்டப்படி இது 6 மாதம் முதல் 3 வருஷம் வரை சிறைத்தண்டனையும் அபராதமும் விதிக்கத்தக்க குற்றமாகும். மூன்றாம் வகையில் வாங்குவோர் தரத்தைத் தெரியாமல் இருக்கலாம். நான்காம் வகையிலோ பெயருக்காக முழு விலையும் கொடுத்து ஏமாறுகின்றனர்.

வெளிப்பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல் பளபளக்கும். வித்தியாசம் எஃகின் உள்ளே இருக்கிறது. ஒரே அச்சில் அடித்த இரண்டு அரிவாள்களில் தோய்ச்சல் சரியாக ஏறியது கூர் மழுங்காமல் உழைப்பதையும், ஏறாதது ஒரே நாளில் மடங்கிப்போவதையும் விவசாயிகள் கண்டிருக்கின்றனர். பந்தின் காம்பும் அத்தகையதே. பதம் மிஞ்சினால் நொறுங்கும், குறைந்தால் வளையும்.

எந்த உறுப்புக்கு எந்த வகை?

இதனைத் தீர்மானிக்க ஓர் எளிய வழி உண்டு. “இவ்வுறுப்பு ஓடும்பொழுது முறிந்தால் என்ன நேரிடும்?” என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

(அ) முறிந்தால் வண்டியைத் திருப்பவே முடியாமற் போகும் உறுப்புகள்: டை ராடு முனைகள், டிராக் லிங்க், சக்கரத்தைத் தாங்கும் பந்து மூட்டுகள், ஸ்டியரிங் கைகள், ஸ்டியரிங் தண்டின் இணைப்புகள், ஸ்டியரிங் பெட்டி. இவற்றிற்கு முதல் இரண்டு வகைகளையன்றி வேறெதையும் நாடலாகாது. பழைய வண்டியிலிருந்து கழற்றியதையும் வாங்கலாகாது. அதன் உள்ளே உள்ள வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது.

(ஆ) கெட்டால் ஸ்டியரிங் கனத்துப்போகுமேயன்றி முற்றும் பயனற்றுப் போகாத உறுப்புகள்: பவர் ஸ்டியரிங்கின் பம்பு, குழாய், பெல்ட்டு. பவர் உதவி நின்றாலும் தண்டுகளின் தொடர்பு அறுவதில்லை. ஆதலால் பெயர் பெற்ற தொழிற்சாலையின் மூன்றாம் வகைச் சாமானையும் யோசித்து உபயோகிக்கலாம். ஆயினும் வளைவில் திடீரென்று கனத்துப்போவதும் அபாயமே. ஆகையால் மிக மலிவானதை விலக்க வேண்டும். எண்ணெயை மாத்திரம் வண்டியின் கைப்புத்தகத்தில் குறித்த ரகமாகவே ஊற்ற வேண்டும்.

(இ) ரப்பர் உறை, தூசி மூடி முதலியன: நல்ல ரப்பரால் ஆனதும் அளவுக்குப் பொருந்துவதுமான எதுவும் போதும். மூட்டு ஆட்டம் காணாதிருக்கும்பொழுதே கிழிந்த உறையை மாற்றி, புதுக் கிரீஸ் வைப்பது மிகுந்த சிக்கனமாகும். மூட்டுத் தேய்ந்தபின் உறையை மாத்திரம் மாற்றுவது வீண்.

வண்டியின் உத்தரவாதக் காலம் முடியாதிருப்பின், வெளியே வேலை பார்ப்பதற்கு முன் உத்தரவாதப் பத்திரத்தின் நிபந்தனைகளைப் படித்துப் பார்த்தல் நலம்.

வாங்கும்பொழுது கவனிக்க வேண்டியவை

வண்டியின் சேஸிஸ் எண்ணைக் கொண்டு சரியான உறுப்பெண்ணைக் கம்பெனி டீலரிடம் குறித்துக்கொண்டு பின் கடைக்குச் செல்ல வேண்டும். ஒரே பெயருள்ள வண்டியிலும் வருஷத்துக்கு வருஷம் உறுப்பு மாறக்கூடும். கழற்றிய பழைய சாமானைக் கையோடு கொண்டுபோய், நீளம், காம்பின் சரிவு, மரை ஆகியவற்றை ஒப்பிட வேண்டும். டை ராட்டின் ஒரு முனை வலமரையாகவும் மறுமுனை இடமரையாகவும் இருப்பதுண்டு. இதனை மறந்து வாங்கி வந்து மறுபடி அலைவோர் பலர்.

பெட்டியில் செய்தவரின் பெயரும் விலாசமும், மாதமும் வருஷமும், அதிகபட்ச விலையும் அச்சிட்டிருக்க வேண்டும். எழுத்துப் பிழை, மங்கிய அச்சு, பெட்டியிலுள்ள எண்ணுக்கும் உறுப்பிலுள்ள எண்ணுக்கும் வேற்றுமை இவை கண்டால் வாங்காதிருப்பதே உத்தமம். புதிய பந்து மூட்டின் காம்பை விரலால் அசைத்தால் வழுவழுப்பாகவும் சற்று இறுக்கமாகவும் அசைய வேண்டும். தளர்ந்து தொங்குவதையும், நெருடுவதையும் தள்ளிவிட வேண்டும். ரசீது பெறாமல் வாங்கலாகாது. ரசீது கொடுக்க மறுக்கும் கடைக்காரரிடம் அவர் சொல்லும் விலைக்குறைப்பு எவ்வளவாயினும் விலகிப்போவதே லாபம்.

விலைக் கணக்கு

வெளியில் ஒரு டை ராடு முனை 500 ரூபாய்க்கும், கம்பெனிப் பெட்டியில் 900 ரூபாய்க்கும் கிடைப்பதாய் வைத்துக்கொள்வோம். மாட்டும் கூலியும் சக்கர அலைன்மெண்டும் சேர்ந்து 600 ரூபாய் ஆகுமென்போம். இச்செலவு இரண்டுக்கும் ஒன்றே. மலிவான சாமான் 1 வருஷமும், மற்றது 3 வருஷமும் உழைத்தால், மூன்று வருஷத்தில் மலிவான சாமானுக்கு 3,300 ரூபாயும் மற்றதற்கு 1,500 ரூபாயும் செலவாகின்றன. கோணல் கண்ட சக்கரம் தேய்த்துப் போட்ட டயரின் விலையும், சந்தை நாளில் வண்டி நின்ற நஷ்டமும் இதில் சேரவில்லை. மேற்கண்ட தொகைகள் விளக்கத்திற்காகக் கொள்ளப்பட்டவை. ஒவ்வொருவரும் தத்தம் ஊர் விலைப்படி இக்கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கடையில் மீதப்படும் 400 ரூபாய் உண்மையில் மீதமா என்பது அப்பொழுது தெளிவாகும்.

பொருத்தும் முறை

நல்ல சாமானும் தவறாய்ப் பொருத்தினால் அபாயத்தையே விளைவிக்கும். பழைய காம்பைக் கழற்ற அதற்குரிய கருவியை உபயோகித்தல் நலம். புதிய காம்பையும் துவாரத்தையும் துடைத்துச் சுத்தஞ்செய்து, நட்டைக் கைப்புத்தகத்தில் கண்ட அளவுக்கு முடுக்க வேண்டும். காட்டர் பின்னின் துவாரம் நேர்படாவிட்டால் நட்டை இன்னும் சற்று முடுக்கி நேர்ப்படுத்த வேண்டுமேயன்றித் தளர்த்தலாகாது. காட்டர் பின் ஒவ்வொரு தடவையும் புதிதாயிருக்க வேண்டும். பழைய பின்னை நிமிர்த்திப் போடுவதும், அதற்குப் பதில் கம்பித் துண்டையோ ஆணியையோ செருகுவதும் உயிரோடு விளையாடுவதாகும். வேலை முடிந்தபின் அலைன்மெண்ட் பார்த்தல் அவசியம். சில நாள் ஓட்டியபின் நட்டுகளை மறுபடியும் சோதிக்க வேண்டும்.

வளைந்துபோன டை ராட்டையோ ஸ்டியரிங் கையையோ பழுக்கக் காய்ச்சி நிமிர்த்துவதும், வெடித்ததைப் பற்றவைப்பதும் சில பட்டறைகளில் நடைபெறுகின்றன. இவ்வழக்கம் அடியோடு ஒழிய வேண்டும். சூடேற்றியவுடன் எஃகின் பதம் கெட்டுவிடுகிறது. கலப்பைக் கொழுவைக் காய்ச்சி அடிப்பதில் பிழை நேர்ந்தால் ஒரு சால் உழவு கெடும். இதில் நேர்ந்தாலோ மனித உயிர் போகும்.

கிராமத்தார் செய்யத்தக்கவை

கூட்டுறவுச் சங்கங்களும் உழவர் உற்பத்தியாளர் கம்பெனிகளும் பொது வண்டிகளை வைத்திருக்கும் இடங்களில், வண்டிக்கு ஒரு நோட்டு வைத்து, மாற்றிய உறுப்பின் எண், வாங்கிய கடை, தேதி, அப்பொழுது ஓடியிருந்த கிலோமீட்டர் ஆகியவற்றை எழுதி, ரசீதுகளையும் அதனுடன் சேர்த்து வைக்கலாம். இரண்டு மூன்று வருஷத்தில் எந்தச் சாமான் எவ்வளவு காலம் உழைத்தது என்பதை அந்நோட்டே சொல்லிவிடும். ஒரே ஊரில் பலர் ஒரே மாதிரி வண்டி வைத்திருப்பின், உறுப்புகளைச் சேர்ந்து வாங்கினால் விலையும் குறையும். அறுவடைக் காலத்தில் கிடைத்ததைப் போட்டுக்கொள்ளும் நிர்ப்பந்தமும் நீங்கும். போலிச் சாமான் அகப்பட்டால் பெட்டியும் ரசீதும் உட்பட அதனைப் பத்திரப்படுத்தி, பெயருக்குரிய கம்பெனிக்கும் போலீஸாருக்கும் தெரிவிக்கும்படி கிராம அதிகாரிகள் எடுத்துச் சொல்லலாம்.

மழைக்காலம் தொடங்குமுன் ஒரு தடவையும், அறுவடை தொடங்குமுன் ஒரு தடவையும் மேற்சொன்ன பரிசோதனையைச் செய்ய அரை மணி நேரம் போதும். ஏர் பூட்டுமுன் நுகத்தடியின் கயிற்றை இழுத்துப் பார்ப்பது உழவரின் பழக்கம். பாரம் ஏற்றுமுன் ஸ்டியரிங் மூட்டைத் தொட்டுப் பார்ப்பதும் அப்பழக்கத்தில் ஒன்றாகச் சேருமாயின், கடையில் எந்தச் சாமானைக் கேட்பது என்று அவசரத்தில் தீர்மானிக்கும் நிலை எவருக்கும் நேரிடாது.